பத்து ஜாடி, 52 வாரம்

2023 மார்ச் 28, செவ்வாய்க்கிழமை. அன்று வெளியான உலகப் பேட்மிண்டன் தரவரிசையில் பி.வி. சிந்து 11-ஆம் இடத்துக்கு இறங்கினார். 2016 நவம்பருக்குப் பிறகு முதல் பத்து இடங்களை விட்டு அவர் வெளியே போனது அதுதான் முதல் முறை. ஜூலையில் 17-ஆம் இடம். சரிவு, முடிவு, வயது என்றெல்லாம் பேசினார்கள். 28 வயதைக்கூடத் தாண்டாத ஒருவரைப் பற்றி!

தரவரிசை எண் என்பது ஆட்டக்காரரின் திறமையை நேரடியாகச் சொல்வதில்லை. அது ஒரு கையிருப்புக் கணக்கு. அந்தக் கணக்கு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் பெண்கள் ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கை முழுவதுமே வேறு மாதிரி தெரியத் தொடங்கும். அவர் ஏன் வாராவாரம் ஊர் ஊராக ஓடுகிறார், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஏன் ஆடுகிறார், ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் ஏன் முதல் இடத்தில் இல்லை என்பதெல்லாம் விளங்கும்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஊறுகாய் போடும் ஒரு வீட்டுக்குப் போவோம். சிந்துவின் ஊர் ஹைதராபாத். ஆகவே ஆவக்காய் மணக்கும் தெலுங்கு வீடாகவே இருக்கட்டும்.

அந்த வீட்டு அலமாரிக்குச் சில விசித்திரமான விதிகள் உண்டு. வருடத்தில் எத்தனை ஜாடி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் கணக்கில் சேர்வது நன்றாக நிறைந்த பத்து ஜாடி மட்டும். ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் போட்ட தேதி எழுதியிருக்கும். அன்றிலிருந்து 52 வாரம்தான் அதற்கு ஆயுசு. கெடு வந்ததும் எவ்வளவு ருசியாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். செவ்வாய்தோறும் அளவுக்காரர் ஒருவர் வருவார். பத்து ஜாடியில் உள்ளதையும் கூட்டி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எந்த வீட்டில் அதிகமோ அந்த வீட்டுக்கு முதலிடம்.

உலகப் பேட்மிண்டன் சம்மேளனத்தின் தரவரிசை இவ்வளவுதான். கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் அதிகப் புள்ளி தந்த பத்தை எடுத்துக் கூட்டுகிறார்கள். ஜாடி என்பது போட்டி.

ஜாடிகள் எல்லாம் ஒரே அளவில்லை. ஆல் இங்கிலாந்து, மலேசியா ஓபன், இந்தோனேசியா ஓபன், சீன ஓபன் ஆகிய நான்கும் சூப்பர் 1000. அவை பெரிய பீங்கான் ஜாடிகள். வென்றால் 12,000 புள்ளி. சூப்பர் 750 வென்றால் 11,000. சூப்பர் 500-க்கு 9,200. சூப்பர் 300-க்கு 7,000. எல்லாவற்றையும்விடப் பெரியவை உலகச் சாம்பியன்ஷிப்பும் ஒலிம்பிக்கும். அவற்றில் தங்கத்துக்கு 13,000. ஜாடி எவ்வளவு நிறையும் என்பது எத்தனை சுற்று தாண்டினார் என்பதைப் பொறுத்தது. சூப்பர் 1000-இல் இறுதியில் தோற்றால் 10,200, அரையிறுதியோடு நின்றால் 8,400, காலிறுதியில் 6,600. முதல் சுற்றிலேயே தோற்றாலும் 3,000 உண்டு.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழ்மட்டத்தில் இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்று ஒரு நிலை இருக்கிறது. அங்கே வரிசையாக எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினால் 4,000 புள்ளி. பெரிய போட்டிக்குள் போய் ஓர் ஆட்டம் தோற்றுத் திரும்பினால் 3,000. பெரிய ஜாடியின் அடியில் ஒட்டிய ஊறுகாயும், சின்ன ஜாடி நிறைய இருக்கும் ஊறுகாயும் ஏறக்குறைய ஒரே எடைக்கு வருகின்றன. எனவே பெரிய ஜாடி கைக்குக் கிடைப்பதே பாதிப் போராட்டம். ஆனால் பெரிய ஜாடியை யாருக்குக் கொடுக்கிறார்கள்? ஏற்கெனவே அலமாரி நிறைந்த வீட்டுக்குத்தான். சூப்பர் 1000, 750 போட்டிகளில் பெண்கள் ஒற்றையருக்கு 32 இடம். தகுதிச் சுற்று கிடையாது. போட்டிக்குப் பல வாரங்கள் முன்னால் எடுத்த தரவரிசையைப் பார்த்து அந்த இடங்களை நிரப்புகிறார்கள். சூப்பர் 500, 300 போட்டிகளில் 28 பேர் நேரடியாக வருவார்கள். மிச்சம் நான்கு இடத்துக்குத் தகுதிச் சுற்று. தரவரிசையில் 40, 50 என்று நிற்கும் பெண், யாராவது விலகினால் தனக்கு வாய்ப்பு வருமா என்று காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே விமானச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளே போன பிறகும் அலமாரியின் செல்வாக்கு நிற்பதில்லை. 32 பேரில் முதல் எட்டுப் பேருக்கு வரிசை எண் தந்து, ஆரம்பச் சுற்றுகளில் ஒருவரோடொருவர் மோதாதபடி பிரித்து வைக்கிறார்கள். ஒன்பதாவது ஆளுக்கு அந்தக் காப்பு இல்லை. முதல் நாளே உலகச் சாம்பியன் எதிரே வந்து நிற்கலாம்.

சிந்துவும் சின்ன ஜாடியிலிருந்துதான் தொடங்கினார். தந்தை ரமணா, தாய் விஜயா இருவரும் வாலிபால் ஆட்டக்காரர்கள். ரமணா 1986 சோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். செகந்திராபாத்தில் ரயில்வே பொறியியல் கழகத்து அரங்கில் மெஹபூப் அலியிடம் அடிப்படை கற்றுக்கொண்டு, பின்னர் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்திடம் போய்ச் சேர்ந்தார் மகள். 2011-இல் மாலத்தீவிலும் இந்தோனேசியாவிலும் இன்டர்நேஷனல் சேலஞ்ச் நிலைப் பட்டங்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், 17 வயதில், முதல் 20-க்குள். அதே மாதம் சீனா மாஸ்டர்ஸில், ஆறு வாரம் முன்பு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்த சீனாவின் லீ ஷுவேருயியை வீழ்த்தினார். அதற்குப் பிறகு சின்ன ஜாடிகள் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒரு ஜாடி நிறைய என்னவெல்லாம் ஆகிறது என்று பார்க்காமல் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை. 32 பேர் ஆடும் போட்டியில் பட்டம் வெல்ல ஐந்து ஆட்டம். செவ்வாய் அல்லது புதன் முதல் சுற்று, ஞாயிறு இறுதி. அதாவது கடைசி நான்கு நாட்களும் தினமும் ஓர் ஆட்டம். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 5.18 மீட்டர். தன் பாதியின் நீளம் 6.7 மீட்டர். அந்தச் செவ்வகத்தின் நான்கு மூலைக்கும் மாறி மாறி ஓட வைப்பதுதான் எதிராளியின் வேலை. பெண்கள் ஒற்றையரில் ஒரே ஸ்மாஷில் புள்ளி முடிவது குறைவு. எதிராளியைப் பின்னால் தள்ளி, வலைக்கு இழுத்து, மறுபடி பின்னால் தள்ளி, கால் ஒரு கணம் தாமதிக்கும்போதுதான் புள்ளி பிறக்கிறது. 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் 73 அடிகள். 19-21, 22-20, 20-22 என்று சிந்து தோற்றார். பெண்கள் ஒற்றையரில் அதற்கு இணையான ஓர் இறுதி ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. முடிவில் இருவருமே நிற்க முடியாமல் நின்றார்கள்.

கணக்கின்படி அந்த ஆட்டத்தில் தோற்றவருக்கு ஒரு ஜாடியில் முக்கால் அளவுக்கு மேல் நிறைந்தது. அது நிறைந்த மாதத்தில்தான் சிந்துவின் கதையே இருக்கிறது. சிந்துவின் அலமாரியில் மற்ற எந்த ஜாடியையும்விட முக்கியமானது ஆகஸ்ட் ஜாடி.

2016 ஆகஸ்ட் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் 21-19, 12-21, 15-21 என்று தோல்வி. நாடே தெருவுக்கு வந்து வரவேற்றது, திறந்த பேருந்தில் ஊர்வலம், பரிசுகள். ஆனால் 52 வார விதி ரியோ வெள்ளிக்கும் விலக்குத் தரவில்லை. 2017 ஆகஸ்டில் அந்த ஜாடியைக் கொட்டத்தான் வேண்டும். கொட்டிய அதே மாதத்தில் கிளாஸ்கோ வெள்ளி வந்து அந்த இடத்தை நிரப்பியது. 2018 ஆகஸ்டில் கிளாஸ்கோ ஜாடிக்குக் கெடு வந்தது. நான்ஜிங்கில் மறுபடி வெள்ளி. 2019 ஆகஸ்டில் பாசெல். எதிரே அதே ஒகுஹாரா. இம்முறை 21-7, 21-7. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துபோனது. பேட்மிண்டனில் உலகச் சாம்பியன் ஆன முதல் இந்தியர். 2021-இல் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் ஆகஸ்ட் முதல் தேதி அவருக்கு வெண்கலம் தந்தது. ஆண்டின் மற்ற மாதங்களில் எத்தனையோ முதல் சுற்றுத் தோல்விகள். அலமாரியின் நடுவில் ஆகஸ்ட் ஜாடி மட்டும் வழியவழிய நின்றுகொண்டே இருந்தது.

2022-ஐ அவர் பிரமாதமாகத் தொடங்கினார். ஜனவரியில் லக்னோவில் சையது மோடி, மார்ச்சில் சுவிஸ் ஓபன், இரண்டுமே சூப்பர் 300, தலா 7,000. ஜூலையில் சிங்கப்பூர் ஓபன், சூப்பர் 500, 9,200. ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம். அந்தத் தங்கத்தோடு இடது கணுக்காலில் அழுத்த முறிவும் வந்தது. காமன்வெல்த் முடிந்த இரண்டு வாரத்தில் டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப். அவரால் போக முடியவில்லை. ஆகஸ்ட் ஜாடி காலி. தொடர்ந்து செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் எதிலும் ஜாடி போடவில்லை. அந்த மாதங்களில் அலமாரியில் புதிதாக எதுவும் ஏறவில்லை, கெடு வந்தவை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தன. 2021 டிசம்பரில் பாலியில் நடந்த உலக டூர் இறுதிப் போட்டியில் கொரியாவின் ஆன் சே-யங்கிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றிருந்தார். அந்தப் பெரிய ஜாடி 2022 டிசம்பரில் போனது. வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த அந்த ஐந்து மாதத்தில் அவர் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் கணக்கு குறைந்தது.

2023 ஜனவரியில் திரும்பினார். மலேசியாவில் முதல் சுற்றிலேயே எதிரே மரின். தோல்வி. இந்திய ஓபனிலும் முதல் சுற்றோடு நின்றார். சையது மோடி போட்டி அந்த ஜனவரியில் நடக்கவேயில்லை, ஆண்டின் பிற்பகுதிக்கு மாறிவிட்டது. அவருடைய 7,000-க்கோ கெடு முடிந்துவிட்டது. மார்ச்சில் சுவிஸ் ஓபன். கோப்பையைத் தக்கவைத்திருந்தால் பழைய 7,000 போய்ப் புதிய 7,000 வந்திருக்கும், எதுவும் மாறியிருக்காது. இரண்டாம் சுற்றில் இந்தோனேசியாவின் புத்ரி குசுமா வர்தானியிடம் தோற்றார். 7,000 இருந்த இடத்தில் 2,750. அடுத்த செவ்வாய்தான் மார்ச் 28. ஜூனில் சிங்கப்பூர் ஓபன், அதுவும் நடப்புச் சாம்பியனாக. முதல் சுற்றில் எதிரே ஜப்பானின் அகானே யமகுச்சி. முதல் ஆட்டத்தை வென்றும் மூன்றாவதில் 17-21. 9,200 போய் 2,660 வந்தது.

இப்போது ‘சரிவு’ என்ற அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 2023-இல் அவர் ஆட்டம் பழைய கூர்மையில் இல்லை என்பது உண்மை. ஆனால் எண் விழுந்ததன் பெரும்பகுதி 2022-இல் ஜெயித்ததன் விளைவு. வென்ற ஒவ்வொரு பட்டமும் அடுத்த ஆண்டு அதே வாரத்தில் கட்டவேண்டிய கடனாகத் திரும்பி வருகிறது. முந்தைய ஆண்டு மோசமாக ஆடியவருக்கு இழக்க எதுவும் இல்லை. காலிறுதி வந்தாலே ஏறிவிடுவார். அதனால்தான் காயத்திலிருந்து மீள்பவர்களின் தரவரிசை, அவர்கள் ஆடாத காலத்தைவிட ஆடத் தொடங்கிய மாதங்களில் வேகமாக விழுவது போலத் தெரிகிறது. இந்த நுணுக்கத்தைப் பத்திரிகைகள் ஒரு வரியிலாவது எழுதலாம். எழுதாததால்தான் ஒரு பெண்ணின் கணுக்கால் எலும்பு ஆறும் காலத்தை நாம் அவளுடைய முடிவு என்று படித்துவிடுகிறோம்.

இந்த ஆட்டத்தில் காயம் எதிர்பாராத விபத்தல்ல. வலைக்கருகே விழும் பந்தை எடுக்க ஒரு காலை நீட்டிப் பாய வேண்டும். உடம்பின் முழு எடையும் வேகமும் அந்த முழங்காலில் இறங்கும். பின்மூலையில் தலைக்கு மேல் அடித்துவிட்டு இறங்கும்போது ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் கால் தனியாகத் தரையைத் தொடும். முன் சிலுவைத் தசைநார் அறுவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான இறக்கங்கள். அதில் ஒன்று பிசகினால் போதும்.

கரோலினா மரினைவிட இதற்குப் பெரிய விலை கொடுத்தவர் இல்லை. ஸ்பெயினின் ஹுவெல்வாவில் பிறந்தவர். பேட்மிண்டன் மரபே இல்லாத நாட்டிலிருந்து வந்து 2014, 2015, 2018 என்று மூன்று முறை உலகச் சாம்பியன், ரியோவில் தங்கம். 2019 ஜனவரி 27, ஜகார்த்தாவில் இறுதி ஆட்டம், எதிரே சாய்னா நேவால். முன்னிலையில் இருந்தபோது ஓர் இறக்கம். வலது முழங்கால் தசைநார் அறுந்தது. ஏழு மாதத்துக்கு மேல் களத்தில் இல்லை. அந்த இடைவெளியில் அவருடைய 2018 உலகச் சாம்பியன் ஜாடி கெடு முடிந்து போனது. செப்டம்பரில் வியட்நாமில் திரும்பினார், முதல் சுற்றில் தோற்றார். அதே மாதம் சீன ஓபனை, ஒரு சூப்பர் 1000-ஐ, இறுதியில் தைவானின் தாய் சூ-யிங்கை வீழ்த்தி வென்றார். 12,000. ஒரு வாரத்தில் அலமாரியின் தோற்றமே மாறிவிட்டது. பிறகு 2021-இல் டோக்கியோவுக்குச் சற்று முன் இடது முழங்கால். 2024-இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்று மீண்டும் உச்சிக்கு வந்து, அந்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்று இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முழங்கால். எதிரே ஆடிய சீனாவின் ஹே பிங்ஜியாவ் பதக்க மேடையில் வெள்ளியோடு ஸ்பெயின் நாட்டுச் சின்னத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீண்ட காயத்துக்கும் மகப்பேற்றுக்கும் தரநிலையைப் பாதுகாத்து வைக்கும் ஏற்பாடு சம்மேளனத்திடம் உண்டு. அது போட்டி வாசலைத் திறந்துவிடும். ஜாடியை நிரப்புவது ஆட்டக்காரர் பாடு.

பத்து ஜாடி என்ற விதியில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 52 வாரத்தில் நல்ல பத்து வாரம் என்பது மனித உடம்பால் முடியக்கூடியதே. ஒரு மோசமான வாரத்தை மன்னிக்கவும் அந்த விதி இடம் தருகிறது. சிக்கல் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு விதியில் இருக்கிறது. ஒற்றையரில் முதல் 15 இடங்களில் இருப்பவர்கள் நான்கு சூப்பர் 1000-லும் ஆறு சூப்பர் 750-லும் ஆட வேண்டும், சூப்பர் 500-இல் குறைந்தது இரண்டு ஆட வேண்டும் என்று 2023-இல் தொடங்கிய சுழற்சியில் வைத்தார்கள். உரிய காரணமில்லாமல் தவறினால் அபராதம். ஆக, கட்டாயம் மட்டுமே பன்னிரண்டு. இதற்கு மேல் உலகச் சாம்பியன்ஷிப், ஆண்டிறுதியில் முதல் எட்டுப் பேருக்கான உலக டூர் இறுதி, ஊபர் கோப்பை, சுதிர்மன் கோப்பை, ஆசியப் போட்டிகள். ஜனவரியில் மலேசியா, இந்தியா, இந்தோனேசியா என்று மூன்று நாடு, மூன்று வாரம், இடைவெளியே கிடையாது. எந்தக் காய்க்கு எப்போது உப்புப் போடலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அந்த வீட்டுக்காரியிடம் முழுதாக இல்லை. அந்த உரிமையைத் திருப்பித் தரவேண்டும் என்பதே என் கருத்து. ரசிகர்களுக்கு நட்சத்திரங்கள் வேண்டும், ஒளிபரப்பாளர்களுக்கும் வேண்டும், அது புரிகிறது. ஆனால் 22 வயதில் முழங்காலில் கட்டோடு ஆடும் நட்சத்திரத்தை 30 வயதில் யாரும் பார்க்க முடியாது.

ஆன் சே-யங் இதைத்தான் வெளிப்படையாகப் பேசினார். 2002-இல் பிறந்த கொரியப் பெண். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் முழங்கால் வலியோடு ஆடித் தங்கம் வென்றார். அந்த வலி பல மாதம் கூடவே வந்தது. 2024 ஆகஸ்ட் 5, பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். கொண்டாட வேண்டிய அந்த நாளிலேயே, தன் காயத்தைத் தன் நாட்டுச் சங்கம் சரியாகக் கவனிக்கவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். நாட்டில் பெரும் விவாதம் எழுந்து, அரசு விசாரணை வரை போனது. தங்கம் வாங்கிய பிறகுதான் அவரால் அதைப் பேச முடிந்தது. 60-ஆவது இடத்தில் இருக்கும் பெண்ணின் முழங்காலைப் பற்றி யார் கேட்பார்கள்?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேட்மிண்டனில் ஆண்கள் ஒற்றையருக்கும் பெண்கள் ஒற்றையருக்கும் பரிசுத் தொகை சமம். இது இந்த விளையாட்டின் பெருமை. பெரிய போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசில் 7 சதவீதம். முதல் சுற்றுகளில் தோற்பவருக்குக் கிடைப்பதில் பயணச் செலவே தேறாது. ஃபோர்ப்ஸ் இதழ் 2018-இல் சிந்துவின் ஆண்டு வருமானம் 85 லட்சம் டாலர் என்று கணக்கிட்டு, உலகில் அதிகம் சம்பாதித்த வீராங்கனைகளில் ஏழாவதாக வைத்தது. அதில் பரிசுப் பணம் 5 லட்சம் மட்டுமே. மிச்சமெல்லாம் விளம்பரம். இந்தியாவில் விளம்பரம் பதக்கத்தைத் தேடி வருகிறது, தரவரிசையைத் தேடி அல்ல. அரசின் உதவியும் ஒலிம்பிக் பதக்க வாய்ப்பை வைத்தே பெரும்பாலும் அமைகிறது.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான பிளவு உண்டாகிறது. தைவானின் தாய் சூ-யிங் 214 வாரம் உலக முதலிடத்தில் இருந்தார். பெண்கள் ஒற்றையரில் அதுவே சாதனை. எந்தப் பக்கம் அடிக்கப் போகிறார் என்று கடைசி நொடிவரை தெரியாத அந்த மணிக்கட்டு ஆட்டத்தைப் பார்க்கவே அரங்கு நிறையும். அவர் அலமாரியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லா ஜாடியும் கழுத்தளவு. ஆனால் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு வெள்ளி. உலகச் சாம்பியன்ஷிப்பில் 2021-இல் வெள்ளி, 2022-இல் வெண்கலம். தங்கம் இல்லை. சிந்துவோ ஒருநாளும் முதலிடத்தைத் தொட்டதில்லை. 2017 ஏப்ரலில் எட்டிய இரண்டாம் இடமே உச்சம். அவருக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐந்து பதக்கம், ஒலிம்பிக்கில் இரண்டு. இந்தியப் பெண்களில் முதலிடத்தைத் தொட்ட ஒரே ஒருவர் சாய்னா, 2015-இல். அவர் உலகச் சாம்பியன் ஆனதில்லை. இந்த மூவரில் யார் பெரியவர் என்று கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது, எதை அளக்கிறீர்கள் என்பதைத்தான். அலமாரி அளப்பது, ஆண்டு முழுதும் கைதவறாமல் இருப்பதை. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் உச்சத்தைத் தொடும் ஆற்றலுக்கு அங்கே ஒரு ஜாடிக்கு மேல் இடமில்லை. எனக்கு இரண்டும் சமமான அருமைதான். ஆனாலும் தாய் சூ-யிங்கை ‘தங்கம் வெல்லாதவர்’ என்று ஒற்றை வரியில் முடிப்பதைக் கேட்கும்போது மனம் ஒப்புவதில்லை. நான்கு ஆண்டுக்கும் மேலாக அந்த அலமாரியை நிறைத்து வைத்திருப்பது என்னவென்று மேலே கண்டோம்.

ஒலிம்பிக்குக்குப் போகவும் இந்தக் கணக்கே வாசல். பாரிஸுக்காக 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை என்று தனியாக ஓர் அலமாரி வைத்தார்கள். அதிலும் சிறந்த பத்து ஜாடிகள். ஒரு நாட்டுக்கு ஓர் இடம். முதல் 16-க்குள் இருவர் இருந்தால் மட்டும் இரண்டு. இதனால் சீனாவில் உலகின் பத்தாவது ஆட்டக்காரராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க நேரலாம். சாய்னாவின் டோக்கியோ கனவு போனது இன்னொரு விதத்தில். கடைசியாக ஜாடி நிரப்பக் கிடைத்திருக்கவேண்டிய மலேசிய, சிங்கப்பூர்ப் போட்டிகள் 2021-இல் கொரோனாவால் நடக்கவில்லை. லண்டன் வெண்கலம் வாங்கிய கை, போட வழியில்லாமல் நின்றது.

சிந்து பாரிஸ் போனார். இறுதி 16-இல் ஹே பிங்ஜியாவிடம் தோற்றார். அதற்கு முந்தைய ஆகஸ்டில் கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்திலேயே பழைய எதிரி ஒகுஹாராவிடம் தோற்றிருந்தார். ஆகஸ்ட் ஜாடி இரண்டு வருடமாக அரைகுறை. 2024 டிசம்பர் முதல் தேதி லக்னோவில் சையது மோடி பட்டம், சூப்பர் 300. 2022 சிங்கப்பூருக்குப் பிறகு அவர் வென்ற முதல் டூர் பட்டம் அது.

2025 ஆகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் பாரிஸில் நடந்தது. சிந்துவுக்கு 30 வயது, தரவரிசையில் 15. மூன்றாம் சுற்றில் எதிரே உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர், சீனாவின் வாங் ஸியி. 21-19, 21-15 என்று நேர் ஆட்டங்களில் சிந்து வென்றார். மறுநாள் காலிறுதியில் புத்ரி குசுமா வர்தானியிடம் மூன்று ஆட்டங்களில் தோற்றார். ஆறாவது பதக்கத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் குறைந்துபோனது. அக்டோபரில் பாதக் காயம், அந்த ஆண்டின் மிச்சப் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். பாரிஸ் காலிறுதி ஜாடியில் இருப்பது 7,200 புள்ளி. அதன் கழுத்தில் எழுதியிருக்கும் கெடு 2026 ஆகஸ்ட். அந்த மாத உலகச் சாம்பியன்ஷிப்புக்குக் குறித்த இடம் புது தில்லி.